குல்தாரா: பாலைவனத்துல ஆளில்லாத ஊர் – நேர்ல பார்த்தவங்க எழுதுங்க

கோரையாறு
எல்லாருக்கும் வணக்கம். யூடியூப்ல 'பேய் கிராமம் குல்தாரா'ன்னு வீடியோ மேல வீடியோ வருது. ராத்திரியில டார்ச் அடிச்சுக்கிட்டு ஓடுறாங்க, 'யாரோ கூப்பிட்டாங்க'ங்கறாங்க. அந்த ஊரை நிதானமா நடந்து பார்த்தவன்ங்கற முறையில எனக்கு மனசு கேட்கல. அதான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன்.

நான் எல்லைப் பாதுகாப்புப் படையில இருந்தப்ப சில வருஷம் ராஜஸ்தான்ல ஜெய்சல்மேர் பக்கம் போட்டிருந்தாங்க. ஓய்வுக்கு அப்புறம் வீட்டம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். இப்ப திருத்துறைப்பூண்டி பக்கத்துல சொந்த நிலத்துல சாகுபடி. அதனால கண்ணு முதல்ல தண்ணி எங்கேன்னுதான் தேடும்.

ஜெய்சல்மேர்லேர்ந்து தென்மேற்கே 18 கிலோமீட்டர். மணல்மேடா இருக்கும்னு நினைச்சுப் போகாதீங்க. மணல்மேடு பார்க்கணும்னா அதே மேற்குப் பக்கம் இன்னும் தள்ளி சாம் வரைக்கும் போகணும். குல்தாரா கல்லாங்குத்து பூமி. வழி முழுக்கக் காத்தாடி மின்கம்பங்கள், நடுநடுவுல ஆடு மேய்க்கிறவங்க. ஊருக்குள்ள நுழைஞ்சா அசந்து போயிடுவோம். வடக்கு தெற்கா நேர் பிடிச்ச மாதிரி மூணு பெரிய தெரு, அதை வெட்டிக்கிட்டுப் போற சந்துகள், நடுவுல கோயில். இடிஞ்சு கிடக்கற கட்டடம் மட்டும் 400க்கு மேல எண்ணியிருக்காங்க. நம்ம அக்ரஹாரம் மாதிரி ஒரே ஒரு தெரு இல்ல, ஒரு சின்ன டவுனு. குடியிருந்தவங்க பாலிவால் பிராமணர்கள். ராஜஸ்தான்லயே இருக்கற பாலிங்கற ஊர்ப் பக்கத்துலேர்ந்து வந்து 13ஆம் நூற்றாண்டு வாக்குல இங்க குடியேறினவங்க. செத்தவங்களுக்கு நட்டு வச்ச கல்லுகள் ஊருக்கு வெளியே இருக்கு, அதுல வருஷம் வெட்டியிருக்கு.

சுவரெல்லாம் மஞ்சள் கல்லு. ஒரு வீட்டு வாசல்ல குத்துக்காலிட்டு உக்காந்து பார்த்தேன். ஒரு கல்லுல நாக்கு மாதிரி துருத்திக்கிட்டு இருக்கு, அடுத்த கல்லுல அது உக்கார்ற பள்ளம். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. நம்ம ஆசாரி நிலைக்கதவுக்குப் போடற சட்டக்கொளுவு கல்லுல இருக்கு. வாசப்படி தேய்ஞ்சு நடுவுல குழிஞ்சிருக்கு. அந்தக் குழியில கைய வச்சா வெயில் சூடு உள்ளங்கையில ஏறுது. எத்தனை தலைமுறை ஏறி இறங்கின கால் அது!

இவ்வளவு பெரிய ஊரு அங்க என்னத்தைக் குடிச்சு, என்னத்தை விளைவிச்சுப் பொழைச்சிருக்கும்? ஜெய்சல்மேருக்கு வருஷ மழை சராசரி 200 மில்லிமீட்டர் பக்கம். நமக்கு 1,100 மில்லிமீட்டர் பக்கம் பெய்யுது, மேட்டூர் தண்ணி வேற வருது, அப்பவும் கடைமடையில கையப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறோம். பேயை விடுங்க, இந்தக் கேள்விக்குப் பதில் தேடுங்க. அந்தப் பதிலை நான் ஊருக்கு வெளியே பார்த்தேன். நீங்கள்லாம் எழுதுங்க, அதையும் சொல்றேன்.

அரசலாறு
அண்ணே, நல்ல இழை. நானும் குடும்பத்தோட போயிருக்கேன். வலங்கைமான்ல ஆசிரியையா இருக்கேன். கோட்டை, கடீசர் ஏரி எல்லாம் பார்த்துட்டு சாயங்காலமா குல்தாராவுக்குப் போனோம். இருட்டறதுக்குள்ள வெளியே அனுப்பிடறாங்க.

நீங்க பேய்க் கதை வேண்டாம்னு சொல்றது சரி. ஆனா அந்த ஊர் ஏன் காலியாச்சுங்கறதுக்கு அங்க உள்ளவங்க சொல்ற கதையையும் ஒதுக்கிடாதீங்க. ஜெய்சல்மேர் திவான் சாலிம் சிங் ஒரு வீட்டுப் பெண்ணைக் கேட்டான், குடுக்காட்டி ஊரையே அழிச்சுடுவேன்னான், 84 ஊர் பாலிவால்களும் ஒண்ணாக் கூடிப் பேசி ஒரே ராத்திரியில வீட்டைப் போட்டுட்டுப் போயிட்டாங்க, இனி இங்க யாரும் குடியேற முடியாதுன்னு சாபம் விட்டாங்க. சாலிம் சிங் நிஜமா இருந்த ஆளு. அவன் ஹவேலி, அதாவது மாளிகை, இன்னும் ஜெய்சல்மேர்ல நிக்குது, மேல் மாடம் மயில் தோகை மாதிரி விரிஞ்சிருக்கும்.

ஒரு பெண்ணுக்காக 84 ஊர் எழுந்து போச்சுன்னு ஜனங்க 200 வருஷமாச் சொல்லிக்கிட்டு இருக்காங்கன்னா, அதுல அவங்களுக்கு ஒரு நியாயம் இருக்கு. எங்களுக்கு வழிகாட்ட வந்த பெரியவர் அந்தக் கதையைச் சொல்லி முடிச்சப்போ அவர் கண்ணு கலங்கியிருந்தது. அதை எப்படி மூடநம்பிக்கைன்னு தள்ளறது?

இன்னொண்ணு. ஒரு வீட்டுல மூலையில கல் தரையிலேயே உரல் குழி இருந்தது. அதுக்குப் பக்கத்துல சுவத்துல சின்ன மாடம், விளக்கு வைக்க. என் கால் தானா அங்கேயே நின்னுடுச்சு. குத்தினவ யாரோ, எந்த நேரத்துல குத்தினாளோ, விளக்கு மட்டும் கைக்கு எட்டற உயரத்துல வச்சிருந்திருக்கா.

மன்னை ஹரித்ரா
கோரையாறு சித்தப்பா, அரசலாறு அக்கா ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரே ராத்திரியில 84 ஊர் காலியாக முடியுமா? நகை, மாடு, தானியம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு? எங்க தெருவுல ஒரு வீடு மாத்தவே ரெண்டு நாள் ஆகுது. வரலாறா என்ன சொல்றாங்க?

கோரையாறு
தம்பி, 1815 வாக்குல ஜேம்ஸ் டாட்ங்கற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வச்ச கணக்குல குல்தாராவுல 200 வீடு, 800 பேர். அதுக்கு முந்தி 17, 18ஆம் நூற்றாண்டுல 1,588 பேர் இருந்திருக்கலாம்னு வீட்டு எண்ணிக்கையை வச்சு ஆய்வாளர்கள் கணிச்சிருக்காங்க. 1890ல 37 பேர். அப்ப ஊர் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சிருக்கு. 1815லேயே கிணறு பாதிக்கு மேல வத்திப்போச்சு. 1850ல ஒரு படிக்கிணறும் ரெண்டு ஆழக்கிணறும்தான் தண்ணி தந்துச்சு. பக்கத்துல கக்னி ஆறு, அதுவும் மழைக்கு ஓடி மறுநாள் மணலாப் போற ஆறு.

2017ல 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல வந்த ஒரு ஆய்வு நிலநடுக்கம்னு சொல்லுது. கூரை உத்தரமும் தூணும் விழுந்து கிடக்கற விதத்தை வச்சு. அதையும் தள்ள முடியாது. ஆனா நிலம் நடுங்கினா ஜனங்க திரும்பக் கட்டுவாங்க. தண்ணி இல்லேன்னா கட்ட மாட்டாங்க. என் கட்சி இதுதான்.

அரசலாறு தங்கச்சி, அந்தப் பெரியவர் கண்ணு கலங்கினதை நான் மதிக்கிறேன். கதை வேண்டாம்ங்கல. கதைக்குப் பின்னாடி நிக்கிற காய்ஞ்ச கிணத்தையும் சேர்த்துப் பாருங்கங்கறேன்.

வெண்ணாத்துக் கரை
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் கூத்தாநல்லூர். பல வருஷம் ஐக்கிய அரபு அமீரகத்துல, ராஸ் அல் கைமாவுல வேலை. எனக்கு ராஜஸ்தான் தெரியாது, ஆனா ஆளில்லாத பாலைவன ஊர்னா அல் ஜசீரா அல் ஹம்ரா எனக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை தொழுதுட்டு, சாப்பிட்டுட்டு, நாங்க நாலு பேர் காரை எடுத்துக்கிட்டுப் போயிடுவோம்.

அது கடலோரம். ஜஆப் குலத்தார் வாழ்ந்த முத்துக்குளிப்பு ஊர். 1968ல ஆட்சியாளரோட மனஸ்தாபம் ஆகி மொத்தமா அபுதாபிக்குப் போயிட்டாங்க. அதுக்கும் முன்னாடியே 1930கள்ல ஜப்பான் வளர்ப்பு முத்து வந்து வளைகுடா முழுக்க முத்து வியாபாரத்தை முடிச்சு வச்சிருந்தது. சுவரை உத்துப் பார்த்தா கல்லு இல்ல, பவளம்! கடல்லேர்ந்து வெட்டின பவளக்கல்லை அடுக்கி, மேல சாந்து பூசியிருக்காங்க. சாந்து உதிர்ந்த இடத்துல சிப்பி, சோழி, பவளத்தோட பூ மாதிரி வரி எல்லாம் அப்படியே தெரியும். கூரைக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து கொண்டு வந்த கண்டல் கம்பு. காத்தைக் கீழ இறக்கற கோபுரம் கூட ஒரு வீட்டுல இருக்கு. பள்ளிவாசல் இருக்கு. அங்கேயும் 'ஜின் ஊர்'னு பேர் கட்டி விட்டுட்டாங்க. இப்ப அரசாங்கம் எடுத்துச் சீரமைக்குது, உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான தற்காலிகப் பட்டியல்லயும் சேர்த்தாங்க.

சார்ஜாவுல அல் மதாம்னு இன்னொண்ணு இருக்கு. அது 1970கள்ல கட்டின வீடுங்க, 1990களுக்குள்ள காலி. ரெண்டு வரிசை வீடு, ஒரு பள்ளிவாசல். மணல் ஜன்னல் வரைக்கும் ஏறியிருக்கும். அங்க பெயிண்ட் இன்னும் பளிச்சுன்னு இருக்கும். ஒரு வீட்டுக்குள்ள மணல்ல நடந்தா தலை கூரையில இடிக்கும். ரொம்ப பழசானதைவிட இந்த மாதிரி நம்ம காலத்துல காலியான வீடுதான் எனக்கு வயித்தைக் கலக்கும். அந்த ஜனங்க இன்னிக்கு உயிரோட எங்கயோ இருப்பாங்கல்ல?

சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்ல பெரிய பெரிய வீட்டுல பூட்டு தொங்குது. நாங்கதான் அரபு நாட்டுல அவங்க விட்டுட்டுப் போன வீட்டைப் போய்ப் பார்த்துக்கிட்டு நின்னோம்.

அரசலாறு
பாய், கடைசி வரியைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல.

பூம்புகார் காத்து
நல்ல விவாதம். கோரையாறு ஐயாவோட கட்சிக்கு நான் பாதி ஒத்துக்கிறேன், பாதி மறுக்கிறேன். தண்ணி குறைஞ்சா மட்டும் ஊர் காலியாகாது. எங்க பக்கம் 2016–17 வறட்சியில சம்பா முழுக்கக் காய்ஞ்சு போச்சு. ஜனங்க ஊரை விட்டா போனாங்க? இளவட்டம் திருப்பூருக்குப் போனான், பெரியவங்க இருந்தாங்க, அடுத்த வருஷம் விதை போட்டாங்க. தண்ணி இல்லாததோட வரியும் கந்துவட்டியும் சேர்ந்தாத்தான் ஊர் உடையும். சாலிம் சிங் காலத்துல பாலிவால்கள் கிட்ட கசக்கிப் பிழிஞ்சான்னு சொல்றாங்கல்ல, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. அவங்க வெறும் விவசாயி இல்ல, வியாபாரிங்க. வெளியூர்ல தொடர்பு உள்ளவங்க. போக இடம் இருந்தவன் போனான். பெண்ணைக் கேட்டான்ங்கற கதை அந்தக் கொடுமைக்கு ஜனங்க குடுத்த முகம்.

ஊர் அழியறதுக்குக் கடலும் காரணமாகலாம். தரங்கம்பாடியில மாசிலாமணி நாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1306ல கட்டினது, பாதியைக் கடல் தின்னுடுச்சு. ஆனா தரங்கம்பாடி இருக்கு, மீன் பிடிக்கிறான், பள்ளிக்கூடம் நடக்குது. கோயில் போனாலும் ஜனம் போகல.

கோரையாறு
தம்பி, வரியும் காரணம்ங்கறது நியாயமான பேச்சு. தண்ணி வத்தற நேரத்துல வரி ஏறினா யாரு நிப்பா? ரெண்டும் சேர்ந்துதான். ஒத்துக்கிறேன்.

இப்ப முதல்ல சொல்றேன்னதைச் சொல்லிடறேன். குல்தாராவுலேர்ந்து காபா கோட்டைப் பக்கம் போனா வழியில காடீன் பார்க்கலாம். காபாவும் பாலிவால் ஊர்தான், கோட்டை மேல நின்னா கீழே காலி வீடுங்க வரிசையாத் தெரியும், காலையில மயில் கூட்டமா வரும். காடீன்னா என்ன? பாறைச் சரிவு முடியற இடத்துல, தாழ்ந்த நிலத்துக்குக் குறுக்கா ஒரு நீண்ட மண் கரை. ஏரிக்கரை மாதிரிதான், ஆனா ஏரி இல்ல. மழை பெஞ்சா மேட்டுலேர்ந்து ஓடி வர்ற தண்ணி அங்க தேங்கும். மிஞ்சினது கலிங்கு வழியா வழியும், அடியில மதகும் உண்டு. ஒரு ஏக்கர் விளையறதுக்குப் பதினஞ்சு ஏக்கர் பாறை வேணும்னு கணக்கு. தண்ணியோட வண்டல் மண்ணும் வரும். புரட்டாசி, ஐப்பசி வாக்குல தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும், மிச்சத்தை வடிச்சு விடுவான், உப்பும் அதோட போயிடும். ஈர மண்ணுல கோதுமை, கொண்டைக்கடலை விதைப்பான். அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி பாய்ச்சறது கிடையாது! கரைக்குக் கீழ்ப்பக்கம் கிணறு வெட்டி வச்சிருப்பான், கசிவு அதுல ஊறும்.

நான் மாசி மாசம் ஒரு காடீன்ல இறங்கினேன். கொண்டைக்கடலைச் செடி முழங்காலுக்குக் கீழதான், காய் பிடிச்சிருந்தது. அந்த நிலத்துக்காரர் சிரிச்சுக்கிட்டே 'தோண்டிப் பாரு'ன்னார். விரலை விட்டுக் கிளறினேன். மேல ரெண்டு விரக்கடை ஓடு மாதிரி காய்ஞ்சு வெடிச்சிருக்கு. அதுக்குக் கீழ கறுத்த களிமண், விரல்ல ஒட்டுது. உருட்டினா உருண்டை பிடிக்குது. பாலைவனத்துல! எங்க வயல் மண்ணு மாதிரியே வாசம். அந்த இடத்துல எனக்குப் புரிஞ்சுது, பாலிவால்கள் அறுநூறு வருஷம் எப்படி நின்னாங்கன்னு.

நீடாமங்கலம் மேட்டுத்தெரு
ஐயா, நான் வேளாண்மைத் துறையில களப்பணி. நீங்க எழுதினதைப் படிச்சதும் உடனே பதில் போடணும்னு தோணுச்சு. நீங்க சொல்ற காடீன் சாகுபடியும் நம்ம நெல் தரிசு உளுந்தும் ஒரே தத்துவம்தான். நம்ம பக்கம் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, மண்ணு மெழுகு பதத்துல இருக்கறப்ப நிக்கிற பயிருக்குள்ளயே உளுந்து, பயறு தெளிக்கிறோம். அதுக்கப்புறம் தண்ணி கிடையாது. மண்ணுல தங்கின ஈரமும் தைப் பனியும்தான். 65, 70 நாள்ல கைக்கு வந்துடுது. பதம் ஒரு நாள் தப்பினா முளைப்பு போச்சு. அவங்களுக்கு மழைத் தண்ணி தேக்கி வச்ச ஈரம், நமக்கு நெல்லு விட்டுட்டுப் போன ஈரம்.

மெஷின் அறுப்பு வந்ததுக்கு அப்புறம் இந்த உளுந்து ரொம்பக் குறைஞ்சு போச்சு. அறுவடை இயந்திரம் சக்கரம் ஏறின இடத்துல முளைச்ச செடி எல்லாம் நசுங்கிடுது, நிலம் இறுகிடுது. எனக்கு இது பெரிய வேதனை. இலவசமாக் கிடைச்ச ஈரத்தை விட்டுடறோம்.

மன்னை ஹரித்ரா
எங்க தாத்தா உளுந்து தெளிக்கறப்போ காலால மண்ணை அமுக்கிப் பார்த்துட்டுத்தான் இறங்குவார். அவரோட அந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்கல.

பூம்புகார் காத்து
எழுதி வைங்க தம்பி. எந்த நிலம், எந்த மாசம், எப்படி மண்ணு பார்ப்பார், எல்லாத்தையும். தாத்தா இருந்தா இன்னிக்கே போய்க் கேளுங்க.

கோரையாறு
நீடாமங்கலம் தம்பிக்கு நன்றி. இதை நான் ரொம்ப நாளா மனசுக்குள்ள வச்சிருந்தேன், நீங்க சரியா வார்த்தை குடுத்தீங்க. 2012லேர்ந்து 2019 வரைக்கும் எட்டு வருஷம், வழக்கமாத் திறக்கற ஜூன் 12ல மேட்டூர் திறக்கல. அந்த வருஷங்கள்ல எனக்குக் காடீன் நினைப்பு அடிக்கடி வரும். ஆத்துத் தண்ணியை மட்டும் எதிர்பார்த்து நிக்காம, பெய்யற மழையை அந்தந்த நிலத்துல தேக்கற புத்தி நம்ம கிட்டயும் இருந்தது. ஊர்க்குளம், தாமரைக்குளம், ஊருணி எல்லாம் அதுக்குத்தானே. பாதிக் குளம் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்குது.

அங்க சுத்துவட்டாரத்துல எனக்கு இன்னொரு ஆச்சரியம். பாலைவனம் முழுக்க நிக்கிற மரம் கேஜ்ரி. ராஜஸ்தானோட மாநில மரம். 1730ல ஜோத்பூர் பக்கம் கேஜர்லியில இந்த மரத்தை வெட்ட வந்தப்ப கட்டிப்பிடிச்சுக்கிட்டு பிஷ்னோய்ங்கற சமூகத்து ஜனங்க 363 பேர் உயிரை விட்டாங்க. பக்கத்துல போய் இலையைப் பார்த்தா நம்ம வன்னி மரம்! வேதாரண்யத்துல தல விருட்சம், கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயில்லயும் அதேதான். விஜயதசமிக்கு அம்பு போடுறமே, அந்த வன்னி. அங்க அதோட பிஞ்சுக் காயைப் பறிச்சு, வேக வச்சு, காய வச்சு, கேர்ங்கற இன்னொரு பாலைவனக் காயோட சேர்த்து எண்ணெயில வதக்கிக் கம்பு ரொட்டிக்குத் தொட்டுக்கறாங்க. கேர் சாங்ரின்னு பேர், சாங்ரிங்கறது இந்த வன்னிக் காய். இலை ஆட்டுக்கு. நாம சுத்தி வந்து கும்பிடறோம், அவங்க சமைச்சுச் சாப்பிட்டு உயிர் பொழைச்சிருக்காங்க. வீட்டம்மா அங்க ஒரு வீட்டுல அந்தக் கறியைச் சாப்பிட்டுட்டு, ரெண்டு கிலோ காய்ஞ்ச சாங்ரி வாங்கிக்கிட்டுதான் வண்டி ஏறினா.

அரசலாறு
அண்ணே, வன்னிக் காய் சமைச்சுச் சாப்பிடலாம்ங்கறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். வேதாரண்யம் போறப்ப இனிமே அந்த மரத்தை வேற மாதிரிதான் பார்ப்பேன்.

குல்தாராவைப் பத்தி நான் கதைப் பக்கமே நின்னேன். அதை விட்டுக்குடுக்கல. ஆனா அடுத்த தடவை போனா அந்த உரல் வீட்டுலேர்ந்து தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடந்திருப்பான்னும் நடந்து பார்ப்பேன். படிக்கிணறு வரைக்கும், குடம் இல்லாமலாவது.

வெண்ணாத்துக் கரை
போறதுக்கு எந்த மாசம் நல்லது? மழைக்கால விடுமுறைக்கு ஊருக்கு வர்றேன். மகனுக்குக் காட்டணும்.

கோரையாறு
பாய், காடீன்ல தண்ணி நிக்கறதைப் பார்க்கணும்னா ஆவணி, புரட்டாசி. அந்த வருஷம் மழை இருந்தாத்தான். விதைப்பு பார்க்கணும்னா கார்த்திகை. பயிர் பார்க்கணும்னா தை, மாசி, அப்பத்தான் குளிரும் தாங்கும். சித்திரை, வைகாசிக்குக் குழந்தைங்களோட போகாதீங்க, வெயில் வாட்டிடும்.

மன்னார்குடியிலேர்ந்து ஜோத்பூர் பகத் கி கோட்டிக்கு வாரம் ஒரு ரயில் இருக்கு. அங்கேர்ந்து ஜெய்சல்மேருக்கு வேற ரயிலோ பஸ்ஸோ பிடிக்கணும். ஜெய்சல்மேர்ல ஆட்டோ வேண்டாம், ஜீப் பேசிக்கோங்க. குல்தாராவை மட்டும் காட்டிட்டுத் திரும்பிடுவான். காபாவும், வழியில ஒரு காடீனும் சேர்த்துன்னு முதல்லயே சொல்லிடுங்க. நிலத்துக்காரர் இருந்தா கேட்டுட்டு இறங்குங்க. தண்ணி பாட்டில் ஆளுக்கு மூணாவது எடுத்துக்கோங்க. மகனைக் கையால மண்ணைக் கிளறிப் பார்க்கச் சொல்லுங்க.

வெண்ணாத்துக் கரை
இன்ஷா அல்லாஹ். தை மாசத்துக்கு டிக்கெட் பார்க்கறேன்.